பனி முதலில் கரையும் சரிவு

அவள் என் வீட்டில் குடித்த முதல் தேநீரை உடனே விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்ப, கண்ணைக் கூரைத் தகரத்தில் எங்கோ செருகிக்கொண்டு, வாய்க்குள்ளேயே அதை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருந்தாள். சீனி போதவில்லையோ, தண்ணீர் கொதிக்கவில்லையோ என்று நான் பதறிக்கொண்டிருக்கையில் ஒருவழியாக விழுங்கினாள். நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் விட்டாள். பிறகு கேட்டாள்:

“எந்தச் சரிவு டீச்சரு?”

“என்னாங்க?”

“இந்தத் தேயில. எந்தச் சரிவுல மொளச்சது?”

“பண்டாரவளைக் கடையில வாங்கினதுங்க.”

“கடையில எங்கங்க தேயில மொளைக்குது?”

இலங்கை மலைநாட்டில் பதுளை டவுனில் பிறந்து, பஸ் சத்தத்தில் வளர்ந்து, ஓர் இடத்தில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாதவள் நான். அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் பாதையில், ரோட்டிலிருந்து பிரிந்து இன்னும் கீழே போனால் வரும் தோட்டம். எனக்குக் கொடுத்த அறைக்கு மூன்று காம்பரா தள்ளி, அதே லயத்து வரிசை வீடுகளில் அவள் இருந்தாள். புது டீச்சர் எப்படிப்பட்டவள் என்று பார்க்க வந்தவள், தேயிலையைத்தான் பார்த்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. லயத்தில் யாரும் அதைச் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் ‘இத்தாலிக்காரி’, முகத்துக்கு முன்னால் ‘இத்தாலியக்கா.’ நானும் அப்படியே அழைத்தேன், அப்படியே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூன்று வயது மகளைத் தன் அக்கா பாக்கியத்தின் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போனவள். புருஷன் அதற்கு முன்பே கொழும்புக்கு வேலைக்கென்று போயிருந்தார், போனவர் போனவர்தான். இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவளிடம் இருந்தவை: முழங்கால் வரை தொங்கும் ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டு, துணி சுற்றிய ஒரு போத்தல், நாக்கு நுனியில் அந்தக் கேள்வி. கோட்டைச் சேலைக்கு மேலேயே போட்டுக்கொள்வாள். போத்தலைக் காட்டமாட்டாள். கேள்வியை யாரிடமும் கேட்பாள்.

பூசணிக்காய் எந்தச் சரிவு. பலாப்பழம் எந்தச் சரிவு. பால்காரரிடம், மாடு எந்தச் சரிவில் மேய்ந்தது. பண்டாரவளைக் கடைத்தெருவில் உருளைக்கிழங்கு விற்கும் ஒரு முஸ்லிம் நானா இருந்தார். அவர் மூட்டையைப் பிரித்ததும் இவள் ஒரு கிழங்கை எடுத்து, ஒட்டியிருக்கும் மண்ணை விரல்களால் தேய்த்து, நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பாள்.

“நானா, இது எந்தச் சரிவு?”

“வெலிமடை தங்கச்சி.”

“அது ஊரு நானா. சரிவச் சொல்லுங்க.”

“லொறியிலேந்து எறங்கின சரிவு! எடுக்கிறதெண்டா எடுங்க, இல்லாட்டி மண்ண மட்டும் நக்கிட்டுப் போங்க, அதுக்குக் காசில்ல.”

அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். சிரிப்பாள். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு கோழிக்குஞ்சு நுழையும் இடைவெளி. சிரித்துக்கொண்டே, “கீழ்ச்சரிவு. தண்ணி தேங்குற எடம். அவிச்சாக் கொழகொழன்னு போகும்” என்பாள். அவித்தால் பெரும்பாலும் அப்படித்தான் போகும்.

இந்தக் கேள்வி அவளுடையதல்ல. அந்தக் கிழவருடையது.

இத்தாலியின் வடமேற்கில், பியமோந்தே என்ற பகுதியில், லாங்கே என்கிற குன்றுகள். குன்று முழுக்கத் திராட்சைக் கொடி, வரிவரியாக. “மொதல்ல பாத்தப்போ அழுதுட்டேன் டீச்சரு. எவனோ நம்ம மலையத் தூக்கிட்டுப் போயி அங்க வச்சிட்டான்னு நெனச்சேன்.” அங்கே பரோலோ என்று ஓர் ஊர். அந்த ஊரிலும் அதைச் சுற்றியுள்ள சில ஊர்களிலும், நெபியோலோ என்னும் ஒரே வகைத் திராட்சையிலிருந்து எடுக்கிற சிவப்பு ஒயினுக்கு மட்டும்தான் பரோலோ என்று பெயர் வைக்கலாம். மூடுபனிக்கு அந்த ஊர்ப் பாஷையில் சொல்கிற சொல்லிலிருந்து வந்த பெயராம் அந்தத் திராட்சைக்கு. அது பழுத்து அறுக்கும் நேரத்தில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி ஏறிவிடும், எதிர்க்குன்று தெரியாது. இதையெல்லாம் அவள் ஹப்புத்தளைப் பக்கத்து மூடுபனி எங்கள் லயத்து வாசலுக்குள் நுழையும்போது சொல்வாள், கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே. எனக்கு இரண்டு பனியும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். எந்த நாட்டில் நிற்கிறேன் என்று ஒரு நொடி தடுமாறுவேன். அந்தத் தடுமாற்றம் எனக்குப் பிடித்திருந்தது.

அவளுடைய முதல் நாள் கொடிவேலைக் கதையை லயத்தில் எல்லோரும் நூறு தடவை கேட்டிருக்கிறார்கள். நூற்றியோராவது தடவையும் கேட்பார்கள்.

“ஆடி மாசம். கெழவரோட மருமக என்னயக் கொடிக்கிட்ட கூட்டிட்டுப் போயி, நுனியக் கிள்ளணும்னு கையால காட்டுறா. பாசை தெரியாது. தெரியாட்டி என்னா, நுனி கிள்ள எனக்குச் சொல்லியா குடுக்கணும்? எறங்குனேன். ரெண்டு எல ஒரு மொட்டு, ரெண்டு எல ஒரு மொட்டு. அங்க கெடந்த கூடை நெறைய. அமுக்கி இன்னொரு கூடை. மத்தியானம் ரெண்டையும் தூக்கிட்டுப் போயி அவுங்க வாசல்ல நின்னேன்.”

“எதுக்குக்கா நின்னீங்க?” என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள், தெரிந்துகொண்டே.

“நிறுக்கத்தான்! தராசு எங்கன்னு பாக்குறேன். கணக்கப்புள்ளயக் காணோம். அந்த மருமக என்னயப் பாக்குறா, கூடையப் பாக்குறா, வயித்தப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டா. கிள்ளிக் கிள்ளி அங்கயே கீழ போட வேண்டியதாம் அது. குப்ப! நான் குப்பைய நிறுக்கச் சொல்லி நிக்கிறேன், முக்காட்டயும் கட்டிக்கிட்டு.”

லயமே குலுங்கும். ஆனால் கதையின் கடைசித் துண்டை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். முழங்கால் போய்ச் சக்கர நாற்காலியில் இருந்த கிழவர் அந்தக் கூடையைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, ஒரு கை அள்ளிப் பார்த்தாராம். ஒரு முற்றிய இலை இல்லை. ஒரு நசுங்கிய தளிர் இல்லை. அவளுடைய விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். மறுநாளிலிருந்து அவர் கால் போகமுடியாத சரிவுகளுக்கெல்லாம் இவள் போனாள். ஒவ்வொரு சரிவிலிருந்தும் நாலு பழம் கொண்டுவந்து அவர் வாயில் போடுவாள். எந்தச் சரிவு என்று சொல்வார். ஒருநாள் வேண்டுமென்றே மேலேயிருந்து கொண்டுவந்ததைக் கீழே பறித்தது என்று பொய் சொல்லியிருக்கிறாள். கிழவர் விதையை அவள் மேலேயே துப்பினாராம்.

“சரிவுன்னா சும்மா இல்ல டீச்சரு. ஒரே குன்று, ஒரே கொடி, ஒரே வெயிலு. இந்தப் பக்கம் நீலமா ஒரு களிமண்ணு, அதுல வந்தா மெதுவா இருக்கும், சீக்கிரம் குடிக்கலாம். அந்தப் பக்கம் சுண்ணாம்பும் மணலும், அதுல வந்தா மொரடு, வருசக்கணக்காப் பொறுக்கணும். குளுரு காலத்துல மலையெல்லாம் வெள்ளப் பனி கெடக்கும்ல? எந்தச் சரிவுல பனி மொதல்ல கரையுதோ, அங்கதான் அந்தத் திராட்சைய நடுவாங்க. மத்த எடத்துல வேற எதையாச்சும் நடுவாங்க. அவ்வளவுதான் அவுங்க படிப்பு.”

அது எப்படி இருக்கும் குடிக்க, என்று கேட்டேன். அவள் யோசித்தாள். நாலைந்து நாள் கழித்து அதைச் செய்தே காட்டினாள்.

பண்டாரவளையில் ரோட்டுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த நாங்கள் இருவரில் ஒருத்தி நடுவழியில் நின்றுவிட்டாள். தார்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு, கறுப்புக் கோட்டோடு.

“அக்கா, தள்ளுங்க, சுடும்” என்றான் தார் ஊற்றுகிறவன்.

“டீச்சரு, ஓடிப்போயி ஒரு ரோசாப்பூ பிச்சிட்டு வாங்க!”

“பஸ்ஸு போயிரும்க்கா!”

“போகட்டும். செவப்பு ரோசா. நல்லா விரிஞ்சது.”

யார் வீட்டு வேலி என்று தெரியாது. ஒரு பூவைப் பிய்த்தேன். உள்ளேயிருந்து ஒரு சிங்கள அம்மா சத்தம் போட, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடி வந்தேன். பூவை என் மூக்குக்குக் கீழே பிடித்தாள். தாரின் புகை வரும் பக்கமாக என் தோளைத் திருப்பினாள். “இப்ப இழுங்க. ரெண்டையும் சேத்து.” இழுத்தேன். கொதிக்கிற தார், வெயிலில் விரிந்த ரோஜா. தொண்டைக்குப் பின்னால் எங்கோ அவை இரண்டும் கைகோத்துக்கொண்டன. இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது.

“அதான்” என்றாள். “அதோட நம்ம தேத்தண்ணித் துவர்ப்பச் சேத்துக்கங்க. அதான் பரோலோ.”

தார் ஊற்றுகிறவன் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்கும் அந்தப் பூவக் குடுங்க, என்னான்னு பாப்போம்” என்றான். கொடுத்தோம். மூன்று பேரும் நடுரோட்டில் நின்று முகர்ந்தோம். பஸ் போய்விட்டது.

அவளுடைய நாக்கு எப்போதும் வென்றது என்று நினைக்கவேண்டாம். ஒருமுறை தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கர் மூன்று கோப்பைகளை வரிசையாக வைத்துச் சொல்லச் சொன்னார். உலர்ந்த காற்று வீசி, ஊவாத் தேயிலைக்கே உரிய அந்தக் குளிர்ந்த வாசம் ஏறும் மாதம் அது. முதலாவது ஏழாம் நம்பர் மலை என்றாள். இரண்டாவது ஆற்றோரப் பள்ளம். மூன்றாவதை நெடுநேரம் உருட்டிவிட்டு, “இது நம்ம தோட்டமே இல்லிங்க” என்றாள். டீமேக்கர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மூன்றும் ஒரே கேத்தலில் ஊற்றியது. இவள் அசரவில்லை. “அப்பக் கோப்பையத்தான் மூணு சரிவுல கழுவியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்: “உண்மையாவே ஒண்ணுதானா டீச்சரு?”

இத்தாலியிலிருந்து நனைத்த துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு கொடித்துண்டும் பைப்படிக்குப் பக்கத்தில் வளர்ந்தது. வருடம் முழுக்க இலை, ஒரு பூ இல்லை. “அது தூங்கணும். தூங்கி எந்திரிச்சாத்தான் காய்க்கும். இங்க குளுருது, ஆனா தூங்குற அளவுக்குக் குளுரல” என்று அதற்காக வருத்தப்பட்டாள். ஒரு மத்தியானம் யாரோ ஒருத்தர் வீட்டு ஆடு அதை வேரோடு தின்றுவிட்டது. ஆட்டைப் பிடித்து, அதன் தாடையைத் தூக்கி, “நல்லா இருந்துச்சா? எந்தச் சரிவு, சொல்லு” என்று கேட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

ஒருத்தியைத் தவிர. ரேணுகா சிரிக்கமாட்டாள்.

ரேணுகா அவளுடைய மகள். நான் அந்தத் தோட்டத்துக்குப் போன வருடம் அவளுக்குப் பன்னிரண்டு வயது, என் வகுப்பில் முன்வரிசை. பாக்கியத்தைத்தான் ‘அம்மா’ என்பாள். வாய் நிறைய, ஒரு நாளைக்கு நூறு தடவை. பெற்றவளை எதுவும் சொல்லி அழைப்பதில்லை. ‘இந்தாங்க’, ‘இங்க பாருங்க’, அவ்வளவுதான். முறைப்பதில்லை, சண்டை போடுவதில்லை. மரியாதைக்குக் குறைவில்லை. இத்தாலியக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டை வாங்கிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, பாக்கியம் கட்டிக்கொடுத்த ரொட்டியைத் தின்பாள். நான் பார்த்திருக்கிறேன். இத்தாலியக்காவிடம் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போத்தலை எனக்குக் காட்டிய நாளில்தான் அதைச் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஆற்று மணல். மணலில் படுக்கவைத்த போத்தல். நிற்கவைத்தால் தக்கை காய்ந்துவிடுமாம். அவள் கையாலேயே அறுத்த பழத்தில், கிழவரின் வீட்டார் தங்களுக்கென்று செய்தது. விடைபெறும்போது கொடுத்து, பத்து வருடம் திறக்காதே என்றாராம் கிழவர்.

“இப்பத் தொறந்தா நாக்கப் புடிச்சு இழுக்கும். மொரட்டுத் துவர்ப்பு. பத்து வருசம் போனா அதுவாப் பதமாகும். நெறமும் செங்கல்லு மாதிரி, பாலு ஊத்தாத ப்ளேன்டீ மாதிரி வந்துரும்.” துணியை மறுபடி சுற்றினாள். “நான் நாளு வச்சிருக்கேன் டீச்சரு. எம்புள்ள என்னைக்கு என்னய அம்மான்னு கூப்புடுதோ அன்னைக்குத்தான் இது. அக்காகிட்டச் சொல்லிறாதீங்க. ஒம்பது வருசம் தூக்கி வளத்தவ. மனசு நொந்துருவா.”

“பத்து வருசம் போயும் கூப்புடாட்டி?”

“இருவது வருசம் தாங்கும் இது. நல்ல சரிவு.”

நான் அந்தத் தோட்டத்தில் மூன்று வருடம் இருப்பேன் என்று நினைத்துப் போனவள். பத்து வருடத்துக்கு மேல் இருந்தேன். ஏன் என்று யாராவது கேட்டால் இடமாற்றம் கிடைக்கவில்லை என்பேன். உண்மை அந்தப் போத்தல்தான். ஒரு கதை பாதியில் இருக்கும்போது எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை.

ரேணுகாவுக்கு இருபத்தோரு வயதானபோது லுணுகலைப் பக்கமிருந்து மாப்பிள்ளை வந்தார். லொறி ஓட்டுகிறவர், சாது. சபையில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் இத்தாலியக்கா, கோட்டைக்கூடக் கழற்றாமல், அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

“தம்பி எந்தச் சரிவு?”

“லுணுகலைங்க.”

“அது ஊரு. சரிவு?”

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் கொஞ்சம் யோசித்தான். “எங்க லயத்துக்குக் காலைல மொத வெயிலு வரும்ங்க. அந்தச் சரிவு.”

“நல்ல சரிவு” என்று அவள் முகம் மலர்ந்து சொன்னபோது, உள்ளேயிருந்து ரேணுகா வந்தாள். கையில் தேநீர்த் தட்டு. தட்டைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவேயில்லை.

“எல்லாரோட சரிவும் கேக்குறீங்களே. என்னய எந்தச் சரிவுல வுட்டுட்டுப் போனீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

பாக்கியம்தான் எழுந்து, “கழுத, உள்ள போடி” என்று அதட்டி, வந்தவர்களைப் பார்த்து ஏதோ சிரித்துச் சமாளித்தாள். கல்யாணம் நடந்தது. நன்றாகவே நடந்தது. போத்தல் மணலிலேயே கிடந்தது.

ஆனால் அந்த நாளிலிருந்து இத்தாலியக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். என் வீட்டுத் தேநீரை மடக்கென்று விழுங்கினாள். பால்காரர் மாட்டைப் பற்றித் தானாகவே சொல்லிப் பார்த்தார், தலையாட்டிவிட்டு வந்தாள். உருளைக்கிழங்கு நானாவுக்கே பொறுக்கவில்லை. ஒரு கிழங்கை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

“என்ன தங்கச்சி, இண்டைக்கும் சரிவு கேக்கல்லயா? மண்ணோடதான் வச்சிருக்கன்.”

“ரெண்டு கிலோ போடுங்க நானா” என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சரிவு சரிவாகத் தேயிலை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றையாவது பார்த்தாளா தெரியாது. நான் ஏதோ ஒரு மலையைக் காட்டி, “இதுல வெளையிறது எப்படிக்கா இருக்கும்?” என்று கேட்டேன். “எல்லாம் தேயிலதான் டீச்சரு” என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட மிக மோசமான வாக்கியம் அது.

அடுத்த வருடம் ரேணுகா பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாள். பெண் குழந்தை. பாக்கியத்துக்கு இடுப்பு வலி. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது இத்தாலியக்காதான். நான் பார்க்கப் போனபோது குழந்தை ரேணுகாவின் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தாயைப் பார்க்காமல், குழந்தையின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“இத அஞ்சு நிமிசம் நர்ஸ் தூக்கிட்டுப் போனாலே எனக்கு உசுரு போகுது. நீங்க எப்பிடி இருந்தீங்க அங்க?”

இத்தாலியக்கா மடித்துக்கொண்டிருந்த துணியை மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“மொத வருசம் எனக்கு ஒரு சரிவும் கண்ணுக்குத் தெரியல” என்றாள்.

கொண்டுபோன தோடம்பழத்தை உரிப்பதைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை.

ஐந்தாம் நாள், தாயும் பிள்ளையும் லயத்துக்கு வந்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து காய்ச்சிக் கொடுப்பார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, உரித்த பூண்டு, கித்துள் கருப்பட்டி. கொதித்து வரும்போது கடைசியாகக் கொஞ்சம் பிராந்தி. பிராந்தியை மாப்பிள்ளை முன்பே வாங்கி வந்திருந்தார். வீட்டு ஆண்கள் கண்ணில் பட்டால் மருந்துவரை தங்காது என்று இத்தாலியக்கா அதைத் தன் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். அன்று காலை பிறப்புப் பதிவுக்கான துண்டு வாங்க அவள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போயிருந்தாள். சாவியைப் பாக்கியத்திடம் கொடுத்துவிட்டு.

நான் உள்ளே நுழையும்போது பாக்கியம் அடுப்படியில் வியர்த்து நின்றாள்.

“வாங்க டீச்சர். இந்தப் பிராந்திக்காரன் செஞ்ச வேலையப் பாருங்க. மூடிய வெளிய போடாம உள்ள அடிச்சு வச்சிருக்கான். அகப்பைக் காம்பால குத்தி உள்ள தள்றதுக்குள்ள கையே போச்சு.”

நான் அடுப்புத் திண்டைப் பார்த்தேன்.

“அதோட சரக்கும் சரியில்ல. காரமும் இல்ல, நெடியும் இல்ல, சாயம் போன ப்ளேன்டீ மாதிரி. தண்ணியக் கலந்துட்டான் போல. அதான் முழுசையும் ஊத்திட்டேன். அடியில ஒரே மண்ணு டீச்சர்! வடிச்சுத்தான் ஊத்துனேன்.”

திண்டின்மேல் போத்தல் நின்றது. காலி. தக்கை உள்ளே விழுந்து கிடந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தைப் பூச்சி என்றைக்கோ தின்று தீர்த்திருந்தது. பக்கத்தில் தேநீர் வடி. அதில் கருஞ்சிவப்பாக ஒரு சிட்டிகை வண்டல். சட்டியிலிருந்து எழுந்த ஆவியில் பூண்டுக்கும் திப்பிலிக்கும் நடுவே, எங்கோ தூரத்தில், பண்டாரவளை ரோடு இருந்தது. தார் ஊற்றுகிறவன் கையில் ஒரு ரோஜா.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். இத்தாலியக்கா, கோட்டுப் பையில் பதிவுத்துண்டோடு. முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போத்தலைப் பார்த்தாள். எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பினாள்.

“முழுசுமாக்கா?”

“முழுசும்தான்” என்றாள் பாக்கியம். “ஏன்டி, அது பிராந்தி இல்லியா?”

“இல்ல.”

“ஐயையோ! அப்ப என்னாடி அது? ரேணுகாவுக்கு உள்ள குடுத்துட்டேனே! வெசமா?”

“திராட்சக்கா. வெறும் திராட்ச.”

சொல்லிவிட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். போத்தல் மடியில். அழவில்லை. கோபிக்கவில்லை. பஸ் போனபின் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியைப் போலத்தான் இருந்தாள். பத்து வருட மணல். இருபது வருடம் தாங்கும் சரிவு. பாக்கியம் ஒன்றும் விளங்காமல், ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று மட்டும் விளங்கி, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அப்போது உள்ளேயிருந்து, கட்டில் போட்ட இருட்டு மூலையிலிருந்து, கிண்ணத்தைத் தரையில் வைக்கும் சத்தம். அதன் பின்னால் ரேணுகாவின் குரல், முகத்தைச் சுளித்துக்கொண்டு பேசுகிற குரல்:

“யப்பா, என்னா துவர்ப்பு! நாக்கப் புடிச்சு இழுக்குதே. எந்தச் சரிவும்மா இது?”

பாக்கியம், பழக்கத்தில், பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த ‘அம்மா’ அவளை நோக்கி வரும் சொல். இத்தனை வருடமாக அவளிடம்தான் வந்திருக்கிறது. திறந்த வாய் அப்படியே நின்றது. தங்கையைப் பார்த்தாள். மடியில் கிடந்த போத்தலைப் பார்த்தாள். ஈரக்கையைச் சேலையில் மெதுவாகத் துடைத்துக்கொண்டு, முழங்கையால் அவள் தோளில் ஓர் இடி இடித்தாள்.

“ஒன்னயத்தான் கேக்குறா. எனக்கென்னாடி தெரியும் சரிவு? போ, போயிச் சொல்லு.”

இத்தாலியக்கா எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். திண்டின்மேல் இருந்த தேநீர் வடியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த வண்டலை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். முதல்நாள் என் வீட்டில் செய்ததுபோலவே கன்னம் உப்ப, கண் கூரையில் செருக, நெடுநேரம் உருட்டினாள். பிறகு விழுங்கினாள்.

“தெக்குப் பாத்த சரிவு கண்ணு” என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். “பனி மொதல்ல கரையிற எடம்.”

சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போனாள்.